ட்ரெய்லர் கூரை ஏசி சத்தம் தாங்கலையா? காசு செலவு பண்றதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

ஏசி போட்டதும் பக்கத்துல உக்காந்திருக்கறவங்ககிட்டயே கத்திப் பேச வேண்டியிருக்கு, டிவி சவுண்டை ஏத்திக்கிட்டே போக வேண்டியிருக்கு, நடு ராத்திரி கம்ப்ரஸர் டம்முனு கிளம்பறப்போ குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழுது. ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போற சின்ன வீடு) புதுசா வாங்கினவங்க நிறைய பேர் முதல் ட்ரிப்லயே இதைப் பார்த்துட்டு "இது இப்படித்தான் போல"ன்னு விட்டுடறாங்க, இல்லன்னா நேரா போய் புது ஏசி விலை விசாரிக்கறாங்க. ரெண்டுமே வேண்டாம். சத்தம் ஒண்ணு இல்ல, மூணு நாலு சத்தம் சேர்ந்து ஒண்ணா கேக்குது, அதைப் பிரிச்சுப் பார்த்துட்டா பாதிக்கு மேல நாமளே குறைச்சுக்கலாம், பெரிய செலவும் ஆகாது.

முதல்ல ஏன் இவ்ளோ சத்தம்னு தெரிஞ்சுக்கோங்க, அப்போதான் கீழ சொல்ற வேலைக்கெல்லாம் அர்த்தம் புரியும். வீட்ல இருக்கற ஸ்ப்ளிட் ஏசியில கம்ப்ரஸரும் பெரிய ஃபேனும் சுவத்துக்கு வெளியில போயிடுது, ரூமுக்குள்ள காத்து ஊதற பாகம் மட்டும்தான் இருக்கு. ட்ரெய்லர்ல எல்லாமே ஒரே பெட்டி, அது கூரையில 14 இன்ச் சதுர ஓட்டைக்கு மேல நம்ம தலைக்கு நேரா உக்காந்திருக்கு. பெரும்பாலான மாடல்கள்ல ஒரே மோட்டார்தான், அதோட ஒரு பக்க தண்டுல வெளிக்காத்து இழுக்கற ஃபேன், இன்னொரு பக்க தண்டுல உள்ளுக்குள்ள காத்து தள்ளற ப்ளோயர் சக்கரம், அதனால ப்ளோயர்ல சின்ன ஆட்டம் வந்தா மொத்த பெட்டியும் ஆடும். கூரையும் கனமானது இல்ல, மெல்லிசு ப்ளைவுட், நடுவுல ஃபோம், மேல ரப்பர் ஷீட், அவ்ளோதான். மத்தளத்தோட தோல் மாதிரி, மேல தட்டினா உள்ள அதிரும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை: உக்காந்து கேளுங்க

கையில ஸ்க்ரூ ட்ரைவர் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் இதுக்கு ஒதுக்குங்க. ட்ரெய்லர்ல மத்த ஃபேன், டிவி எல்லாத்தையும் அணைச்சுடுங்க. போன்ல சவுண்ட் மீட்டர் ஆப் ஒண்ணு போட்டு, நீங்க தலை வெச்சுப் படுக்கற இடத்துல, சாப்பிடற மேஜையில, ஏசிக்கு நேர் கீழே, இப்படி மூணு இடத்துல அளந்து குறிச்சு வைங்க. போன் காட்டற நம்பர் துல்லியமா இருக்காது, ஆனா அதே போன், அதே இடம்னா முன்னாடிக்கும் பின்னாடிக்கும் ஒப்பிட்டுப் பார்க்க போதும். டெசிபல் கணக்கு சாதாரண கணக்கு இல்லன்னு ஞாபகம் வைங்க, 3 டெசிபல் குறைஞ்சா காதுக்கு லேசாத்தான் தெரியும், 10 டெசிபல் குறைஞ்சா சத்தம் பாதியான மாதிரி இருக்கும்.

இப்போ ஃபேன் மட்டும் லோ-ல போடுங்க, அப்புறம் ஹை, அதுக்கப்புறம் கூல். ஃபேன் மோடுலயே உஸ்ஸுன்னு இரைச்சல் வந்து, ஸ்பீடு ஏத்தினா அதுவும் ஏறுதுன்னா அது காத்து சத்தம். கூல் போட்ட அப்புறம்தான் ங்ஙொய்னு ஒரு உறுமல் சேருதுன்னா அது கம்ப்ரஸர். கடகடன்னு, டர்ர்ருன்னு வந்தா எதுவோ லூசா இருந்து அதிருது. கிறீச்னு உரசற சத்தமோ, உலோகம் உலோகத்துல தேய்க்கற சத்தமோ வந்தா உடனே ஆஃப் பண்ணுங்க, அது பழக்கப்படுத்திக்கற சத்தம் இல்ல, ரிப்பேர்.

அதிர்ற சத்தத்துக்கு உள்ளங்கையே போதும். ஏசி ஓடறப்போ கீழ் க்ரில்லோட நாலு மூலையையும் ஒவ்வொண்ணா கையால அழுத்திப் பாருங்க, பக்கத்துல இருக்கற லைட், கப்போர்டு கதவு, வென்ட் மூடி இதையும். எங்க கை வெச்சா சத்தம் நிக்குதோ இல்ல மாறுதோ அங்கதான் வேலை. சில சமயம் ஏசிக்கு சம்பந்தமே இல்லாத ஒரு கப்போர்டு கதவுதான் டர்ர்ருன்னு அடிச்சுக்கிட்டிருக்கும், அதுக்கு ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டினா வேலை முடிஞ்சது.

கரண்ட் விஷயம், இதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க

இதுக்கு மேல சொல்ற எல்லாத்துக்கும் முன்னாடி ஏசி பிரேக்கரை ஆஃப் பண்ணி, வெளி கரண்ட் கேபிளையும் பிடுங்கி, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் இருந்தா அதையும் அணைச்சுடுங்க. அமெரிக்கா, கனடா ட்ரெய்லர்கள்ல இருக்கற இந்த ஏசி 120 வோல்ட்ல ஓடறது. அதைவிட முக்கியம், உள்ள இருக்கற கப்பாஸிட்டர் கரண்ட் பிடுங்கின அப்புறமும் சார்ஜை பிடிச்சு வெச்சுக்கிட்டிருக்கும், தொட்டா பலமா அடிக்கும். உருளையா டப்பா மாதிரி, மேல ஒயர் மாட்டியிருக்கும், பழக்கம் இல்லாதவங்க அது இருக்கற பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

ஃபில்டரும் காயிலும்

இது சின்ன வேலை, ஆனா நிறைய பேர் செய்யறதே இல்ல. க்ரில்லைக் கழட்டினா ஃபில்டர் வந்துடும், சோப்புத் தண்ணியில அலசி நல்லா காய வெச்சு மாட்டுங்க. ஏசி தினமும் ஓடற சீசன்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பண்ணுங்க, நாய் பூனை கூட இருந்தா அதுக்கு முன்னாடியே. ஃபில்டர் அடைச்சிருந்தா காத்து போதாம காயில்ல (காத்தைக் குளிர வைக்கற குழாயும் தகடும் சேர்ந்த பாகம்) ஐஸ் கட்டும், ப்ளோயர் சத்தமும் மாறிடும். அதுக்கு மேல தெரியற காயில் தகடுகள்ல தூசி பாய் மாதிரி படிஞ்சிருந்தா மிருதுவான பிரஷ்ஷால மேலேர்ந்து கீழ மெதுவா எடுங்க, அழுத்தித் தேய்ச்சா அந்த மெல்லிசு தகடு மடங்கிக்கும். ப்ரஷர் வாஷர் கிட்டவே கொண்டுபோகாதீங்க.

க்ரில்லுக்குள்ள இருக்கற தடுப்பு

எனக்குத் தெரிஞ்சு புது ட்ரெய்லர்ல அதிகமா கவனிக்காம விடற இடம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். கீழ் மூடியை முழுசா கழட்டிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. அந்த 14 இன்ச் ஓட்டை ரெண்டு பாகமா பிரிஞ்சிருக்கும், ஒரு பக்கம் ரூம் காத்து மேல போகும், இன்னொரு பக்கம் குளிர்ந்த காத்து கீழ வரும். நடுவுல ஒரு தகடோ ஃபோமோ தடுப்பா நிக்கணும். பல ட்ரெய்லர்ல இந்தத் தடுப்பு சரியா ஒட்டாம ஓரத்துல விரல் நுழையற அளவுக்கு இடுக்கு இருக்கும். அப்போ என்ன ஆகுதுன்னா குளிர்ந்த காத்து நம்மகிட்ட வராம அந்த இடுக்கு வழியா நேரா திரும்ப மேலயே போயிடும். ரூம் குளிராது, காயில் ஐஸ் கட்டும், தெர்மோஸ்டாட் சென்ஸார் அந்தப் பக்கம் இருந்தா அது ரூம் குளிர்ந்துடுச்சுன்னு ஏமாந்து கம்ப்ரஸரை நிறுத்தி நிறுத்திப் போடும், ஒவ்வொரு தடவையும் ஒரு டம். நாமளும் குளிரலைன்னு ஃபேனை எப்பவும் ஹை-லயே வெச்சிருப்போம், சத்தம் சத்தம்னு புலம்புவோம்.

இதை அடைக்க அலுமினியம் ஃபாயில் டேப் வாங்குங்க. துணி மாதிரி இருக்கற சாம்பல் கலர் டேப் வேண்டாம், அதோட பசை சூட்டுலயும் ஈரத்துலயும் காஞ்சு உரிஞ்சு விழுந்துடும். ஒட்டற இடத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, நல்லா காஞ்ச அப்புறம் ஒட்டி, ஒரு ஸ்பூனோட முதுகால அழுத்தித் தேய்ச்சு விடுங்க. எல்லா மூலையும், தடுப்போட நாலு ஓரமும், ஓட்டையைச் சுத்தி கூரை ப்ளைவுட்டும் ஃபோமும் வெறுமனே தெரியற இடமும். உங்க ட்ரெய்லர் கூரைக்குள்ள டக்ட் (குளிர் காத்து போற குழாய்) ஓடற டைப்னா அந்த டக்ட் வாய் ஆரம்பிக்கற இடத்தையும் கையை விட்டுத் தடவிப் பாருங்க, அங்க பிரிஞ்சு கிடந்தா குளிர் காத்து கூரை இடுக்குக்குள்ள வீணா போகும், வேகமா அந்த சந்துல பாயற காத்து விசில் அடிக்கற மாதிரி ஒரு சத்தமும் கொடுக்கும். இதையெல்லாம் அடைச்ச அன்னிக்கே வென்ட்ல காத்து வேகமா வர்றது கையை வெச்சா தெரியும், அப்புறம் ராத்திரிக்கு லோ ஸ்பீடே போதும்னு ஆகிடும், பெரிய லாபம் அதுதான்.

நாலு போல்ட்

மூடி கழட்டியிருக்கறப்பவே இதையும் பார்த்துடுங்க. மேல இருக்கற பெட்டி கூரையில ஸ்க்ரூ பண்ணி நிக்கல, கீழேர்ந்து போற நீள போல்ட்டுகள், பெரும்பாலும் நாலு, அதைக் கூரையோட சேர்த்து இழுத்துப் பிடிக்குது. நடுவுல ஒரு தடிமனான ஃபோம் கேஸ்கெட். புதுசுல சுமார் 1 இன்ச் இருக்கும், இறுக்கின அப்புறம் அரை இன்ச் அளவுக்கு அமுங்கியிருக்கணும். ரோட்ல குலுங்கிக் குலுங்கி போல்ட் தளர்ந்தா பெட்டி ஆடி அதிரும், மழைத் தண்ணியும் இறங்கும். ஆனா இங்க எல்லாரும் பண்ற தப்பு வேற, லூசா இருக்குன்னு பலம் கொண்ட மட்டும் முறுக்கிடறது. கேஸ்கெட் அப்பளமா நசுங்கினா அது அதிர்வை வாங்கிக்காது, மேல இருக்கற ஆட்டம் முழுசா கூரைக்கு இறங்கி சத்தம் முன்னைவிட அதிகமாகும், பெட்டியோட அடித்தட்டும் வளையலாம். உங்க மாடல் புத்தகத்துல எவ்ளோ இறுக்கம்னு போட்டிருக்கும், பல மாடல்களுக்கு 40லேர்ந்து 50 இன்ச்-பவுண்டுதான், அது கையால ஓரளவு இறுக்கற அளவுதான். ஒரே போல்ட்டை முழுசா முறுக்காம எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிட்டு வாங்க. கேஸ்கெட் ஏற்கனவே நசுங்கி கல்லு மாதிரி ஆகியிருந்தா இறுக்கறதுல பிரயோஜனம் இல்ல, மாத்தத்தான் வேணும். அதைச் சுத்தி சிலிகான் பூசி சமாளிக்கறது வேண்டவே வேண்டாம்.

காத்து இழுக்கற இரைச்சல்

உஸ்ஸுன்னு வர்ற அந்தப் பெரிய இரைச்சல் எங்கேர்ந்து வருதுன்னா, க்ரில் வழியா மேல பார்த்தா காயிலும் அதுக்குப் பின்னாடி ப்ளோயரும் கிட்டத்தட்ட நேர்க்கோட்ல இருக்கு, சத்தம் தடங்கல் இல்லாம நேரா நம்ம காதுக்கு வருது. காத்து வளைஞ்சு போகும், சத்தமும் ஓரளவு வளையும், ஆனா வளையற இடத்துல மெத்துனு ஃபோம் இருந்தா அந்த கீச்சு இரைச்சலை அது நிறைய குடிச்சிடும். இந்த ஒரே தத்துவத்துலதான் ஏசி சைலன்ஸர்னு விக்கற பெட்டி எல்லாம் வேலை செய்யுது. கடையில வாங்கலாம், கையில கொஞ்சம் மரவேலை இருந்தா நாமளே பண்ணிக்கலாம். ஆழம் குறைஞ்ச ஒரு பெட்டி, க்ரில் இருந்த இடத்தை மூடற மாதிரி, காத்து பக்கவாட்டுல நுழைஞ்சு ஒரு திருப்பம் திரும்பி மேல போகணும், உள்பக்கம் முழுக்க 1 இன்ச் ஃபோம்.

இதுல கவனிக்க வேண்டியது நாலு. காத்து நுழையற வழி பழைய க்ரில்லோட அளவுக்குக் குறையவே கூடாது, குறைஞ்சா ஏசி மூச்சு முட்டி ஐஸ் கட்டும். ஃபோம் திறந்த துளை உள்ளதா இருக்கணும், வாயை வெச்சு ஊதினா காத்து போகணும், போகலைன்னா அது சத்தத்தையும் குடிக்காது. அது சீக்கிரம் தீப்பிடிக்காத தரமா இருக்கணும், ஒயர் பெட்டிகிட்டயும் ஹீட்டர் காயில்கிட்டயும் போகவே கூடாது. அப்புறம் ஃபோம் ரூம் காத்து உள்ள போற பக்கம் மட்டும்தான், குளிர் காத்து வர்ற பக்கம் வெச்சா ஈரம் கோத்து பூஞ்சை பிடிச்சு அந்த வாசனை மொத்த ட்ரெய்லருக்கும் வரும். உயரமானவங்க இருந்தா பெட்டி தலையில இடிக்காத அளவு பார்த்துக்கோங்க.

ஒண்ணு வெளிப்படையா சொல்லிடறேன், இது டக்ட் வெச்ச ட்ரெய்லருக்குத்தான் முழு பலன் தரும். ஏசிக்கு நேர் கீழயே குளிர் காத்தும் வெளிய வர்ற டைப்னா அந்த வழியா வர்ற சத்தம் அப்படியேதான் இருக்கும், கொஞ்சம் குறையும், அவ்ளோதான். அந்த டைப் வெச்சிருக்கறவங்க போல்ட், கேஸ்கெட், லோ ஸ்பீடு இதுல கவனம் வைங்க.

கூரை மேல

கூரை நல்லா காஞ்சிருக்கறப்போ, வெயில் ஏறறதுக்கு முன்னாடி, கூட ஒருத்தர் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறப்போ மட்டும் ஏறுங்க. ஒரு ப்ளைவுட் பலகை போட்டு அது மேல முட்டி போட்டு உக்காந்தா எடை பரவும். உங்க ட்ரெய்லர் கூரை ஆள் ஏறத் தாங்குமான்னு புத்தகத்துல பார்த்துட்டு ஏறுங்க.

எங்க ட்ரெய்லர்ல கூல் போட்ட ரெண்டு நிமிஷத்துல டர்ர்ருன்னு ஒரு சத்தம் ஆரம்பிச்சு, விட்டு விட்டு ராத்திரி முழுக்க வந்துக்கிட்டிருந்துச்சு. ஒரு ரிப்பேர் கடையில காட்டினோம், கம்ப்ரஸர் போச்சு, மொத்தமா மாத்தணும்னு சொல்லிட்டாங்க. மனசு கேக்கல, நானும் தம்பியும் பிரேக்கரை அணைச்சுட்டு மேல ஏறி பிளாஸ்டிக் மூடியைக் கழட்டிப் பார்த்தோம். கம்ப்ரஸர்லேர்ந்து வர்ற செம்புக் குழாய் ஒண்ணு பக்கத்துத் தகடோட விளிம்புல ஒட்டி நின்னுக்கிட்டிருந்துச்சு, குழாய் முழுக்க கறுத்துப் போயிருக்க, தொட்ட அந்த ஒரு இடத்துல மட்டும் அரை நெல்மணி நீளத்துக்கு தேய்ச்ச விளக்கு மாதிரி பளபளன்னு மின்னுச்சு. ரெண்டு விரல் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ் வெட்டி, நீளவாக்குல கீறி, குழாய் மேல போட்டு டை கட்டினோம், அவ்ளோதான், அந்த சத்தம் அதுக்கப்புறம் வரல. அப்படியே விட்டிருந்தா குழாய் தேய்ஞ்சு ஓட்டையாகி கேஸ் மொத்தமும் போயிருக்கும், அப்போ நிஜமாவே ஏசி மாத்த வேண்டியதாயிருக்கும். அதனாலதான் சொல்றேன், யாராவது மாத்தணும்னு சொன்னா மூடியைத் திறந்து எந்த பாகத்துல கோளாறுன்னு காட்டச் சொல்லுங்க. குழாயை நீங்க மட்டும் கையால வளைச்சு நகர்த்திடாதீங்க, அது மடங்கிடும்.

மூடி திறந்திருக்கறப்போ வேற என்ன பார்க்கணும்னா, குளவி கட்டின மண் கூடு (ஃபேன் இறக்கையில ஒரு சின்னக் கட்டி மண் இருந்தாலே பேலன்ஸ் போயிடும்), வளைஞ்ச இறக்கை, ப்ளோயர் சக்கரத்துல படிஞ்ச தூசி, சக்கரம் பெட்டியில உரசின கோடு, கம்ப்ரஸர் காலுக்கு அடியில இருக்கற ரப்பர் வாஷர் வெடிச்சிருக்கா, லூசான ஸ்க்ரூ. கரண்ட் இல்லாதப்போ ஃபேனை விரலால சுத்தி விடுங்க, தடையில்லாம சுத்தி நிக்கணும், கரகரன்னா பேரிங் போகுது. பிளாஸ்டிக் மூடியும் வெயில்ல காஞ்சு, மரக்கிளை இடிச்சு ஸ்க்ரூ ஓட்டைகிட்ட விரிசல் விட்டு கடகடன்னு அடிக்கும், அங்க பெரிய வாஷர் போடுங்க. கார் கதவுக்குள்ள ஒட்டற பியூட்டைல் ஷீட்டை மூடியோட உள்பக்கம் தட்டையான இடத்துல ஒட்டினா அதிர்வு அடங்கும், காத்து போற ஜன்னல்களை மட்டும் மறைக்காதீங்க. கம்பளி, ஃபோம்னு எதையும் மேல போர்த்தி சத்தத்தை அடக்கப் பார்க்காதீங்க, சூடு வெளிய போக வழியில்லாம கம்ப்ரஸர் சீக்கிரம் போயிடும்.

அந்த டம்

கம்ப்ரஸர் கிளம்பற அந்த ஒரு நொடியில ஓடறப்போ இழுக்கறதைவிட பல மடங்கு கரண்ட் இழுக்கும். 13,500 பிடியு (குளிர வைக்கற திறனோட அளவு) ஏசி ஓடறப்போ 12, 13 ஆம்ப்ஸ் கிட்ட எடுக்கும், கிளம்பறப்போ அது எகிறி அடிக்கறதுதான் அந்த உதைப்பு, லைட்டும் ஒரு கணம் மங்கும். சாஃப்ட் ஸ்டார்ட்டர்னு ஒரு சின்ன பெட்டி இருக்கு, அது கம்ப்ரஸரை மெதுவா கிளப்பி விடும், அந்த எகிறல் பாதிக்கு மேல குறையும், டம்முங்கறது ம்ம்னு மாறும். சின்ன ஜெனரேட்டர்ல ஏசி ஓட்டறவங்களுக்கும் இது கை கொடுக்கும். மாட்டறதுக்கு கப்பாஸிட்டர் ஒயர்ல கை வைக்கணும், அதனால தெரிஞ்ச எலெக்ட்ரீஷியனை வெச்சே செய்ங்க.

வோல்டேஜையும் பாருங்க. ப்ளக்ல சொருகற சின்ன மீட்டர் ஒண்ணு எப்பவும் இருக்கட்டும். எல்லாரும் ஏசி போடற சாயங்கால நேரத்துல கேம்ப் கரண்ட் இறங்கும், 105 வோல்ட்டுக்குக் கீழ போனா ஏசியை அணைச்சுடுங்க, கம்ப்ரஸர் திணறி உறுமறது அப்போ நல்லாவே கேக்கும். ம்ம்ம்னு உறுமிட்டு, கிளம்பாம டொக்குனு நின்னு, திரும்பத் திரும்ப வோல்டேஜ் சரியா இருந்தும் அதையே பண்ணினா கப்பாஸிட்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம், அது சின்ன பார்ட்தான், அதுக்காக ஏசியையே மாத்தாதீங்க.

ஏசிக்கு வேலையைக் குறைங்க

இந்த ஏசியெல்லாம் உள்ள போற காத்தைவிட சுமார் 20 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 11 டிகிரி செல்சியஸ் கிட்டத்தான் குளிர்வா வெளிய விடும். ட்ரெய்லர் வெந்து போன அப்புறம் மதியம் போட்டா ராத்திரி வரைக்கும் ஹை-லயே ஓடும். காலையிலயே போட்டுடுங்க, கூரை ஜன்னலுக்கும் கூரையில இருக்கற காத்தோட்ட வென்ட்டுக்கும் (ஏசி வென்ட் இல்ல) ஃபோம் தலகாணி சொருகுங்க, வெயில் பக்கம் ஜன்னலுக்கு பளபள ஷீட், நிழல் இருக்கற இடமா பார்த்து நிறுத்துங்க, அடுப்பு வேலை வெளியில. ஃபேனை ஆட்டோல வைக்கலாம், ஆனா சிலருக்கு சத்தம் நின்னு நின்னு வர்றதைவிட ஒரே சீரா ஓடறதுதான் தூக்கம் வரும், ரெண்டையும் ஒவ்வொரு ராத்திரி வெச்சுப் பார்த்து முடிவு பண்ணுங்க.

இவ்ளோவும் பண்ணியும் முடியலைன்னா, இல்ல ஏசி நிஜமாவே பழசாகி பேரிங், கம்ப்ரஸர் போயிடுச்சுன்னா, மாத்தறப்போ ஸ்பீடு கூட்டிக் குறைக்கற இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ளதா பாருங்க, அது டம்முனு கிளம்பாது, குளிர்ந்த அப்புறம் மெதுவா ஓடும். பெரும்பாலான கம்பெனி ஏசி அதே 14 இன்ச் ஓட்டையிலயே உக்காரும், ஆனா தெர்மோஸ்டாட்டும் டக்ட்டும் ஒத்துப் போகுமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. விளம்பரத்துல போடற டெசிபல் நம்பரை வெச்சு முடிவு பண்ண வேண்டாம், எவ்ளோ தூரத்துல, எந்த ஸ்பீடுல அளந்தாங்கன்னு சொல்லாத வரைக்கும் ரெண்டு கம்பெனி நம்பரை ஒப்பிடவே முடியாது, முடிஞ்சா யாராவது மாட்டியிருக்கற ட்ரெய்லருக்குள்ள பத்து நிமிஷம் உக்காந்து கேட்டுட்டு வாங்க. பழசைத் தூக்கி இறக்க ரெண்டு பேராவது வேணும், 75லேர்ந்து 100 பவுண்டு வரைக்கும் கனம் இருக்கும்.

வேலை முடிஞ்சதும் அதே போன், அதே மூணு இடம், திரும்ப அளந்து பாருங்க. முதல் நீள ட்ரிப் போயிட்டு வந்த உடனே போல்ட்டை ஒரு தடவை மறுபடி பார்த்துடுங்க, குலுங்கினதுல கொஞ்சம் தளர்ந்திருக்கும். அன்னிக்கு தேதியும், தலகாணி இடத்துல வந்த நம்பரையும் ஒரு துண்டு டேப்ல எழுதி க்ரில்லோட உள்பக்கம் ஒட்டி வைங்க, அடுத்த தடவை ஃபில்டர் கழட்டறப்போ கண்ணுல படும்.